மாத்திரை போட்டால் காதில் ‘கொய்ங்ங்’... ஏன் தெரியுமா?

‘காதுக்குள் கொய்ங்ங் என்று கேட்கிற வரைக்கும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போங்கள். கேட்டதும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அதுதான் உங்களுக்குச் சரியான டோஸ்!’ இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஒரு காலத்தில் டாக்டர்கள் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். தெரியுமா?

மூட்டுவாதம் வந்தவர்களுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கும் தினம் 3 கிராம், 4 கிராம், 5 கிராம் என்று ஆஸ்பிரின் ஏறும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லாத காலம் அது. நோயாளி ‘டாக்டர், காது இரையுது’ என்று சொன்னால் போதும், மருந்து எல்லையைத் தொட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சொச்சம் ரத்தத்தில் சேரும்போது இந்த இரைச்சல் ஆரம்பிக்கும். மாத்திரையை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில், மிஞ்சிப் போனால் மூன்று நாளில், வந்த சுவடே தெரியாமல் போய்விடும். ஆனால் ஏற்கெனவே காது மந்தமான பெரியவர்களுக்கு, மருந்து எல்லை தாண்டினாலும் இந்தச் சத்தம் கேட்காமலே போகலாம். எச்சரிக்கை யாருக்கு மிக அவசியமோ அவர்களுக்கே அது வராமல் போகிற ஆபத்து!

இதயத்துக்காகத் தினம் ஒரு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். அந்தச் சின்ன அளவில் காது இரைவது அரிது. உங்கள் மாத்திரையைத் தொடருங்கள்.

சரி, வயிற்றுக்குள் போன மாத்திரை காதுக்குள் போய் என்னதான் செய்கிறது? இங்கேதான் அதிசயமே ஆரம்பம்! நம் உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியாவுக்குள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 12,000 வெளி முடிச்செல்களும் 3,500 உள் முடிச்செல்களும் இருக்கின்றன. உள் முடிச்செல்கள் சத்தத்தை மூளைக்குச் சொல்கின்றன. வெளி முடிச்செல்களோ ஆடுகின்றன. ஆமாம், நிஜமாகவே ஆடுகின்றன! ஒலி வந்ததும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நீண்டு சுருங்கி, மெல்லிய சத்தத்தையும் உள் முடிச்செல்கள் உணரும்படி பெருக்கிக் கொடுக்கின்றன. இந்த ஆட்டத்துக்குக் காரணமான புரதத்தை 2000-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டால்லோஸின் குழு கண்டுபிடித்து ‘பிரெஸ்டின்’ என்று பெயர் வைத்தது. அந்தப் புரதத்துக்குள் குளோரைடு வந்து உட்காருவதற்கு ஒரு குழி இருக்கிறது. ஆஸ்பிரின் உடலில் சிதைந்து உண்டாகும் சாலிசிலேட், குளோரைடை நெட்டித் தள்ளிவிட்டு அந்தக் குழியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியையே 2021-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமாகப் பிடித்துவிட்டார்கள்! ஆட்டம் நிற்கிறது. சத்தம் மங்குகிறது.

மங்கினால் அமைதியாகத்தானே இருக்க வேண்டும், இரைச்சல் எப்படி வரும் என்று கேட்பீர்கள். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது வால்யூமைத் திருகத் திருகப் பாட்டு வராது, கரகரப்புத்தான் கூடும் அல்லவா? மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது இன்று ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். காதிலிருந்து வரும் தகவல் குறையக் குறைய மூளை தன் வால்யூமைக் கூட்டுகிறது. நரம்புகளில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சலசலப்பு அப்போது ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது.

அந்தச் சலசலப்பு எல்லோரிடமும் இருக்கிறது, தெரியுமா? 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகாத அறைக்குள் சில நிமிடம் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்! அறைக்குள் இருந்ததோ முழு நிசப்தம்.

மனிதன் வாய்விட்டுச் சொல்லிவிடுவான். எலிக்குக் காது இரைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். பாவெல் ஜாஸ்ட்ரெபோஃப் என்ற விஞ்ஞானி 1988-இல் செய்து காட்டினார். தாகத்தோடு இருக்கும் எலி, குழாயிலிருந்து தண்ணீரை நக்கிக் குடிக்கிறது. கூண்டுக்குள் எந்நேரமும் ஒரே சீராக ‘ஷ்ஷ்ஷ்’ என்று ஓர் ஒலி. நடுநடுவே அந்த ஒலி சட்டென்று நிற்கும். நின்ற கொஞ்ச நேரத்தில் காலில் சுரீரென்று லேசான மின்சாரம். எலி சீக்கிரமே கற்றுக்கொள்கிறது: ஒலி நின்றால் ஆபத்து, குடிப்பதை நிறுத்து! இப்போது எலிக்குச் சாலிசிலேட் ஊசி போடுகிறார்கள். ஒலியை நிறுத்துகிறார்கள். எலி நிறுத்தவில்லை! அது பாட்டுக்கு நக்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே நிசப்தம் வந்துவிட்டது, ஆனால் அதன் காதுக்குள் வரவில்லை. பயிற்சி கொடுப்பதற்கு முன்பே மருந்தைக் கொடுத்துவிட்டால் முடிவு தலைகீழாகிறது. அந்த எலி காதுக்குள் கேட்கும் இரைச்சலையே ஆபத்தின் அடையாளமாகக் கற்றுக்கொள்கிறது. வாயில்லா ஜீவன் ஒன்று ‘எனக்குக் காது இரைகிறது’ என்று சொன்ன முதல் சந்தர்ப்பம் இது. இன்று உலகெங்கும் நடக்கும் காது இரைச்சல் ஆராய்ச்சிகளில் பலவற்றுக்கு இந்த எலிதான் தொடக்கப் புள்ளி.

ஆஸ்பிரினுக்கு ஓர் அண்ணன் உண்டு: கொய்னா! 1763-இல் இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டை கேட்கிறது என்று ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்பிரினின் மூதாதை அந்தப் பட்டைதான். அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஏன் தோன்றியது தெரியுமா? கடித்துப் பார்த்தபோது பெரு நாட்டிலிருந்து வந்த சின்கோனா பட்டையைப் போலவே கசந்ததாம்! கசப்பில் மட்டுமா ஒற்றுமை? இரண்டுமே காதை இரைய வைப்பவை. சின்கோனா பட்டையிலிருந்து 1820-இல் பெல்லெத்தியே, காவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு அதைச் சாப்பிட்டவர்களுக்குக் காது இரைச்சல், காது மந்தம், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் எல்லாம் ஒன்றாக வரும். இதற்கு ‘சின்கோனிசம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஆண்டீஸ் மலையிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியில் 1860-61இல் சின்கோனா வந்து இறங்கிய இடம் ஊட்டி! தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் வேலை செய்யக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள். சீனக் கைதிகளும் அவர்களில் இருந்தார்கள். அங்கேயே அரசாங்கக் கொய்னா தொழிற்சாலையும் நடந்தது. இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இன்று எல்லோரும் சுற்றிப் பார்க்கும் ஹக்கலை பூங்கா, 1861-இல் சின்கோனா வளர்க்கத்தான் தொடங்கப்பட்டது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. நம் மலைகளில் உரித்த பட்டை எத்தனை லட்சம் உயிரைக் காப்பாற்றியிருக்கும், எத்தனை காதுகளில் ரீங்கரித்திருக்கும்!

நீலகிரியில் இன்னொன்றும் உண்டு. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலம் விற்பார்கள். மூட்டுவலிக்குத் தேய்த்தால் சுகமாக இருக்கும். அதில் இருப்பது மீதைல் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். ஒரே ஒரு டீஸ்பூன் சுத்தமான விண்டர்கிரீன் தைலம் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம்! வயிற்றுக்குள் போனால் முதலில் காது இரையும், அப்புறம் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் காது பழையபடி ஆகிவிடும். இனி சொல்லப்போவது அப்படியல்ல.

1943 அக்டோபர். நியூஜெர்சியின் ரட்கர்ஸில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகம். 23 வயது மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோயை விரட்டிய முதல் ஆன்டிபயாடிக்! ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலர் தள்ளாடினார்கள். சிலருக்குக் காது இரைந்தது, சிலருக்குக் கேட்காமலே போயிற்று. தள்ளாட்டத்தைக் குறைக்கலாம் என்று டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று மாற்றிச் செய்து பார்த்தார்கள். அது செவியை இன்னும் மோசமாகக் கெடுத்தது!

அந்த ஊசியால் உள்காதின் சமநிலை உறுப்பை இழந்த ஒரு டாக்டர், தன் அனுபவத்தை 1952-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். பெயரைப் போடவில்லை, முதலெழுத்து மட்டும்தான். படுக்கையில் சாய்ந்து புத்தகம் படிக்கலாம் என்றால் எழுத்துகள் துள்ளுகின்றன. எதனால் தெரியுமா? அவருடைய நாடித் துடிப்பினால்! இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் நம் எல்லோர் தலையும் இம்மியளவு அசைகிறது. உள்காது அதைச் சரிக்கட்டிக் கண்ணைத் திருப்பிவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. அவருக்கு அந்த உதவி போய்விட்டது. கட்டிலின் தலைமாட்டில் இருந்த இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கிக்கொண்டுதான் அவரால் ஒரு பக்கத்தைப் படிக்க முடிந்தது. உள்காது நமக்குச் செய்யும் சேவையை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் புரியவைத்ததில்லை.

ஜென்டமைசின், கனமைசின், அமிக்கசின் எல்லாம் அதே குடும்பம். இவை முடிச்செல்லுக்குள் எந்த வழியாக நுழைகின்றன தெரியுமா? ஒலி வரும்போது திறக்கிறதே, அதே வாசல் வழியாக! கேட்பதற்காக இயற்கை வைத்த கதவிலேயே விஷம் நுழைகிறது. நுழைந்த மருந்து எளிதில் வெளியே வருவதும் இல்லை. இறந்த முடிச்செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

சிலருக்கு ஒரே ஒரு டோஸ்கூடப் போதும், செவி போய்விடும்! 1993-இல் காரணம் தெரிந்தது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் 1555 என்ற இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். தாய்வழியாக மட்டுமே வருவது இது. ‘எங்க அம்மா வீட்டுப் பக்கம் ஊசி போட்டதும் நிறைய பேருக்குக் காது போயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், டாக்டர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய வாக்கியம். பிறந்த குழந்தைக்குக் கிருமித்தொற்று என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டாக வேண்டும். மரபணுச் சோதனைக்கோ நாள்கணக்காகும். என்ன செய்வது? இங்கிலாந்தின் மான்செஸ்டரில் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து, வார்டிலேயே வைத்துப் பார்க்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 26 நிமிடத்தில் விடை! மாற்றம் இருந்தால் வேறு ஆன்டிபயாடிக் போடலாம். 2022-இல் வெளியான அந்த ஆய்வில் சோதித்த 751 குழந்தைகளில் மூன்று பேருக்கு மாற்றம் இருந்தது. மூன்று குழந்தைகளின் செவி காப்பாற்றப்பட்டது!

நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு மாதக்கணக்கில் கனமைசின், அமிக்கசின் ஊசி போட்டுக்கொண்டு, நோய் தீர்ந்தும் காது கேட்காமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் ஊசியைப் பின்னுக்குத் தள்ளி, பெடாகுலின் போன்ற மாத்திரைகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. 2024-இல் இந்தியாவும் ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்தது. காதுகளின் சார்பில் இதைக் கொண்டாட வேண்டும்.

புற்றுநோய் மருந்து சிஸ்பிளாட்டின் இன்னொரு வேதனை. 1965-இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க், மின்சாரம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினம் மின்முனை வைத்தார். பாக்டீரியா பிரிந்து பெருகுவது நின்றது. நிறுத்தியது மின்சாரம் இல்லை, கரைந்து வந்த பிளாட்டினம்! இன்று விதைப்பைப் புற்றுநோயிலிருந்து குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய்வரை இது உயிர் காக்கிறது. ஆனால் உடம்பின் பெரும்பாலான உறுப்புகளிலிருந்து வெளியேறிவிடும் பிளாட்டினம், காக்ளியாவில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது என்று 2017-இல் தெரிந்தது.

இதனால் செவி கெடாமல் தடுக்கும் வழி எங்கே கிடைத்தது தெரியுமா? போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் இருந்த ஒரு பொருளில்! பழைய ஸ்டுடியோக்காரர்களைக் கேளுங்கள், ‘ஹைப்போ’ என்றால் உடனே கண் மலரும். கற்கண்டு மாதிரி வெள்ளைப் படிகம். தண்ணீரில் போட்டால் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். கழுவிய படம் நிலைத்து நிற்க அந்தக் கரைசலில்தான் முக்கி எடுப்பார்கள். அதன் வேதிப்பெயர் சோடியம் தயோசல்பேட். மருந்துத் தரத்தில் சுத்தமாகத் தயாரித்த அதே பொருளை, சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்துக் குழந்தைகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. ஹைப்போ ஏற்றாத குழந்தைகளில் 63 சதவீதம் பேருக்குச் செவித்திறன் பாதிக்கப்பட்டது. ஏற்றியவர்களில் 33 சதவீதம்தான்! புற்றுநோய்ச் சிகிச்சையின் பலனும் குறையவில்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

நீர் பிரிவதற்குப் போடும் லாசிக்ஸ் ஊசியிலும் ஓர் ஆச்சரியம். அளவு மட்டுமில்லை, வேகமும் முக்கியம்! அதிக அளவு ஏற்றும்போது நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. உள்காதின் திரவம் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தோடு இருக்கிறது, முடிச்செல்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. லாசிக்ஸ் வேகமாகப் பாய்ந்தால் அந்த மின்னழுத்தம் சரிகிறது, காது இரைகிறது. பெரும்பாலும் சீக்கிரம் சரியாகிவிடும். ஆனால் ஜென்டமைசின் ஊசியும் கூடவே போய்க்கொண்டிருந்தால் நிரந்தரச் சேதம் ஆகலாம்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசிபைன் சிலருக்குச் சுருதியையே இறக்கிவிடும், தெரியுமா? கேட்கும் பாட்டு எல்லாம் ஏறக்குறைய அரைச் சுரம் கீழே கேட்கும்! ஜப்பானிலிருந்துதான் இதைப் பற்றி நிறையப் பதிவுகள் வந்திருக்கின்றன. எந்தக் கட்டை எந்தச் சுரம் என்று கேட்டவுடன் சொல்லக்கூடிய இசைக்காரர்கள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வந்தாலும் தெரிந்திருக்காது. மருந்தை நிறுத்தினால் சுருதி பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

மருந்தால் இரைச்சல் வருவதுபோல, மருந்தால் இரைச்சல் நிற்பதும் உண்டு! நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணி, மரத்துப்போகச் செய்யும் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றினால் காது இரைச்சல் அடங்குவதை 1935-இல் எழுதினார். கொஞ்ச நேரம்தான் நிற்கும், இதயத்துக்கும் ஆபத்து என்பதால் அது சிகிச்சையாகவில்லை. காது இரைச்சலை நிறுத்த அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்த மாத்திரை இன்றுவரை ஒன்றுகூட இல்லை. விளம்பரங்களில் வரும் ‘ஒரே வாரத்தில் குணம்’ சொட்டு மருந்துகளில் பணத்தைப் போடாதீர்கள்.

இறந்த முடிச்செல் மறுபடி முளைக்காது என்ற கவலை நமக்குத்தான், கோழிக்குஞ்சுக்கு இல்லை! 1987-இல் குஞ்சுகளுக்கு ஜென்டமைசின் கொடுத்துச் செவியைக் கெடுத்த ஆய்வாளர்கள், சில வாரம் கழித்து எண்ணிப் பார்த்துத் திகைத்தார்கள். இறந்த முடிச்செல்களுக்குப் பதிலாகப் புதியவை முளைத்திருந்தன! மீன்களும் அப்படித்தான். நம் கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த வரிக்குதிரை மீனுக்கு முடிச்செல்கள் உடம்பின் மேலேயே வரிசையாக இருப்பதால், காதைக் காக்கும் மருந்துகளை அமெரிக்க ஆய்வகங்களில் முதலில் அதன்மேல்தான் சோதிக்கிறார்கள். பறவைக்கும் மீனுக்கும் முடிவது நமக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்களுக்கு. புது மருந்து ஆரம்பித்த சில நாளில், அல்லது டோஸ் கூட்டியபின், இரண்டு காதிலும் புதிதாக இரைச்சல், அடைப்பு, தலைசுற்றல் வந்தால் மருந்து கொடுத்த டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு, இதய, காசநோய் மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது இரைச்சலைவிடப் பெரிய ஆபத்து. சிஸ்பிளாட்டினோ அமிக்கசினோ ஆரம்பிக்கும் முன்பே செவிச் சோதனை ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த மருந்துகள் உச்ச சுருதி ஒலிகளைத்தான் முதலில் பறிக்கும். வழக்கமான சோதனை 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், அதற்கு மேலும் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைக் காதில் விடவே கூடாது. ஒரே நாளில் ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் மறுநாள்வரைகூடக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள்.

மருந்தின் பக்கவிளைவை நோயாளியே நேரடியாக அரசாங்கத்துக்குத் தெரிவிக்கலாம், தெரியுமா? இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024. எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்போது இரைச்சல் தொடங்கியது என்று குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.